மீசையில் மண்

ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொன்றேகாலுக்கு
அறிக்கை வந்தது.
மூன்று பத்தி, ஒரு எழுத்துப்பிழை.
பத்துக் கிளப்புகளின் சின்னங்கள் வரிசையாக,
கடைசியில் எங்களுடையது,
சோப்பு டப்பாவின் அடியில் அச்சிட்டதுபோல்.
புது லீக்.
அதில் யாரும் கீழே போகமாட்டார்கள்.
யாரும் மேலே வரவும் மாட்டார்கள்.

செவ்வாய் மாலை எனக்கு நான்காம் வாசலில் வேலை.
மஞ்சள் சட்டை, எண் 214,
மணிக்குப் பத்து பவுண்டு நாற்பது பென்ஸ்.
கூட்டத்தைத் தடுக்க வேண்டும் என்றார்கள்.
கூட்டம் என்றால் யார்?
என் முன்னாள் மைத்துனன் கீரன் ஹாலரன்,
படுக்கை விரிப்பில் சுவர்ப் பெயிண்டால் எழுதி
கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கீழே மடக்கியிருந்தான்.
இரவுப் பணிக்குப் போகும் வழியில்
மருத்துவமனை அட்டையைக் கழற்றாமலே வந்திருந்த டெமி அகின்வாலே.
பிறகு எனக்குப் பெயர் தெரியாத,
ஆனால் இருமல் தெரிந்த முப்பது வரிசைகள்.

"டங்கன், நீ எந்தப் பக்கம்?"
கைகளை விரித்து நின்றேன்.
தடுப்பதுபோலவும் இருந்தது,
கோல் அடித்தவன் ஓடி வருவதுபோலவும் இருந்தது.

குப்புற விழுந்தாலும்
மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள்.
எங்களுக்கு ஒட்டியது.
ஒரு மே மாதம், சொந்த மைதானத்தில்,
கோல்கீப்பரின் கையிலிருந்து
ஈர சோப்பாக வழுக்கிய பந்தில்
இரண்டாம் டிவிஷனுக்கு விழுந்தோம்.
மறு வருடம் அதற்கும் கீழே.
பிப்ரவரியில் ஒரு துறைமுக ஊர்,
மீன் வாடை, பக்கவாட்டில் அடித்த மழை,
சைபருக்கு சைபர்.
எங்கள் பக்கம் நின்றவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
திரும்பும் பேருந்தில் யாரோ எண்ணிச் சொன்னார்கள்.
என் வங்கி அட்டையின் ரகசிய எண் இன்றும் அதுதான்,
முன்னால் ஒரு சைபர் வைத்து.

இவர்கள் வாங்கியிருப்பது
விழாமல் இருக்கும் உரிமை.
ஏறியது எதற்காம், பிறகு?

ஆறரை மணிக்கு வீரர்களின் பேருந்து திரும்பியது.
சிவப்புப் புகை. போலீஸ் குதிரை ஒன்று
நிதானமாகச் சாணம் போட்டது.
தடுப்புக் கம்பி சாய்ந்தபோது
நான் பிடித்தேனா, விட்டேனா
கேமராவில் தெளிவாக இல்லை.
எனக்கும்தான்.

எல்லோரும் நடுரோட்டில் உட்கார்ந்து
ஏழைகளின் ஆட்டம் இது, திருடாதே என்று முழங்க,
பை விற்கும் வேனிலிருந்து மேவிஸ் ஓல்ட்ராய்ட்
ஜன்னலைத் தட்டினாள்.
"ஆஷ்கில் ரோவர்ஸ் செத்த அன்று
நீங்களெல்லாம் எங்கே இருந்தீர்கள்?
எங்கள் கோல் கம்பம் நின்ற இடத்தில்
கம்பளக் கடைக்காரன் வேன் நிறுத்துகிறான்.
எங்கள் பதினேழு வயதுப் பையனை
நாற்பதாயிரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது
எந்த ஏழையாம்?"
கீரன் விரிப்பைச் சுருட்டுவதுபோல் குனிந்துகொண்டான்.
அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
"சரி, அடுத்தது யார்?
சாஸ் சிவப்பா, பழுப்பா?"

புதன் காலை எல்லாம் முடிந்தது.
பத்தும் ஒன்றன்பின் ஒன்றாக நழுவின.
உரிமையாளர் ஏதோ தோட்டத்தில் நின்று,
ஒருநாள் தாடியோடு,
மன்னிப்புக் கேட்டார். நம்மைக் குடும்பம் என்றார்.
"எந்தக் குடும்பத்தில்
வாசலில் டிக்கெட் கிழிக்கிறார்கள்?" என்றாள் டெமி,
இரவுப் பணி முடிந்த குரலில்.
சிரித்தோம். ஜெயித்துவிட்டோம் என்றும் சொல்லிக்கொண்டோம்.

மஞ்சள் சட்டையை வியாழக்கிழமை
திருப்பிக் கேட்டார்கள்.
இனி நானும் காசு கொடுத்துத்தான் உள்ளே.

ஜூனில் சீசன் டிக்கெட்
முப்பத்தைந்து பவுண்டு ஏறியிருந்தது.
கவுண்டர்ப் பெண் இயந்திரத்தை என் பக்கம் திருப்பி
நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தாள்.

சைபர்.
நான்கு.
ஒன்று.
இரண்டு.