மறுப்புக்கான காரணம்

சர்ஜாபுரம் சாலையில் கடைசி அடுக்ககம் முடிந்து
அதன் மதில் நிழலிலேயே தொடங்கிவிடுகிறது
முனிநாகம்மாவின் முக்கால் ஏக்கர் பீன்ஸ்.
இது நான்காவது தடவை.
கையில் கம்பெனி டேப்லெட்,
முழங்கால் வரை சேறு.

கிலோவுக்கு நான்கு ரூபாய் கூடுதல் என்றேன்,
சாயங்காலமே வங்கிக் கணக்கில் விழும் என்றேன்.
தலையாட்டியபடி பறித்துக்கொண்டிருந்தாள்.

சொசைட்டியில் எப்போது பணம் வருகிறது?
கேட்டதுதான் தாமதம்.
கூடையை இறக்கிவைத்துப் பிடித்துக்கொண்டாள்:
பதினெட்டு நாளாவுது. தராசு பொய்.
செக்ரட்டரி சொன்னப்பா மத்தியானம் போனா தூங்குறான்.
அவன் மச்சான் தக்காளி மட்டும்
சொத்தையா இருந்தாலும் முதல் ரகம்.
போன மாசம் நேராப் போயி
அவன் மேசைமேலயே கூடையக் கவுத்துட்டு வந்தேன்.

அப்புறமும் ஏன் அங்கே?

கவுக்க ஒரு மேசை இருக்கில்ல.
உன் கம்பெனி மேசை எங்க இருக்கு, சொல்லு.

எச்.எஸ்.ஆர். லேஅவுட், ஐந்தாம் மாடி.
கைரேகை வைத்தால்தான் கதவு திறக்கும்,
சில காலைகளில் எனக்கே திறப்பதில்லை.
சொல்லவில்லை நான்.

அரிவாள்போல் வளைந்த காய் ஒன்றை நீட்டினாள்.
இத எடுப்பியா?
வளைவுக்கு எங்களிடம் அளவு உண்டு,
அதைத் தாண்டினால் கழிவு.
வாங்கிக் கடித்துப் பார்த்தேன்.
பீன்ஸ்தான்.

கோஸ் அறுபது பைசாவுக்கு விழுந்த வருஷம்
ரெண்டு ரூபாய்க்கு எடுத்ததாம் சொசைட்டி.
எடுத்து, விற்க வழியில்லாமல்
ஜெயநகர் கடைக்குப் பின்னால் பாதி அழுகி,
நாற்றம் தாங்காமல் தெருக்காரர்கள் போலீசுக்குப் போனார்களாம்.
தன் வீட்டுக் கல்யாணத்தில்
சாம்பார் பத்தாமல் போன கதையைப்போலச்
சொல்லிச் சிரித்தாள்.
அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.
அதனால்தான் பதினெட்டு நாள்
என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

கிளம்பும்போது கூப்பிட்டாள்.
இருநூத்திப் பன்னெண்டாம் நம்பர் பங்கு என்னது.
ரெண்டு தேர்தலா சொன்னப்பாவுக்கு எதிரா ஓட்டுப் போட்டுத் தோத்தாச்சு.
ஆடி கழிஞ்சா மறுபடி வருது.
அவன எறக்காம எப்படிப்பா வெளிய வர்றது?

வண்டியில் உட்கார்ந்து திரையைத் திறந்தேன்.
மறுப்புக்கான காரணம்:
விலை போதவில்லை.
வேறு நிறுவனம்.
நிலம் விற்றாயிற்று.
வீட்டில் ஆள் இல்லை.
ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல்
அடுத்த பக்கம் போக விடாது.

கண்ணாடியில் அவள் தெரிகிறாள்,
குனிந்தும் நிமிர்ந்தும்,
மேலே யாரோ பால்கனியில் துணி உலர்த்த.
வீட்டில் ஆள் இல்லை என்பதை அழுத்தினேன்.

பக்கத்து இருக்கையில்
அரைக் கிலோ வளைந்த பீன்ஸ்.
சும்மா தரவில்லை,
காசு வாங்கிக்கொண்டாள்.
சொசைட்டி ரேட்டு.