உள்ளளவும்

மரமே இல்லாத தீவு இது.
வம்ச விருட்சங்கள் மட்டும்
பதிவேடுகளில் காடாய் மண்டிக் கிடக்கின்றன.

பாதிரியாரின் பழைய மசி சொல்கிறது:
"படகை இழுக்கையில் சாய்ந்தான். வயது முப்பத்தெட்டு."
"ஆட்டு ரோமம் பறிக்கையில் வாய் கோணிற்று. நாற்பத்தொன்று."
"பிரசங்கத்தின் நடுவே."
இவனுக்கு வயது எழுதவில்லை;
பிரசங்கம் நீளமோ என்னவோ.

மூவரும் ஒரே பண்ணைவீடு.
கோபக்கார வம்சம் என்றது ஊர்.
கரையொதுங்கிய மாலுமிக்குக் கதவு திறக்காத சாபம்
என்றும் ஒரு பேச்சு உண்டு.
அந்த வீட்டின் ரத்தத்தைத்தான்
நான்கு குளிர்காலமாகப் படிக்கிறேன்,
ஹெர்போர்க் என்கிற நான்,
ஃபாரோ தீவுகளின் ஒரே மரபணு ஆய்வகத்தில்
பாதி சம்பளத்துக்கும் மீதி பிடிவாதத்துக்கும்
வேலை பார்ப்பவள்.

படகுத்துறையில் என்னைக் கண்டதும்
"அட்டைப்பூச்சி வந்தாச்சு" என்று சட்டைக்கையை மடிப்பார்கள்.
நாற்பத்தேழு பேர், நாற்பத்தேழு குழாய்.
உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே
கடல் தாண்டும் என் பனிப்பெட்டி.
தான்யல் மட்டும் கை நீட்டவில்லை.
"தெரிந்துகொண்டு என்ன செய்ய?
கொல்வதென்றால் வாசலிலேயே கடல் இருக்கிறது."
வலையைப் பின்னிக்கொண்டே சொன்னார்.
காது மடல் செக்கச் சிவந்திருந்ததை
நான் குறித்துக்கொள்ளவில்லை;
அனுமதி இல்லாமல் குறிக்கக் கூடாது.

ஹானுஸுக்கு நூற்றுத் தொண்ணூறு, கீழே நூற்றிருபது.
கருவி பழுதென்று மறுபடி கட்டினேன்.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
காற்றில் உலர்ந்த ஆட்டுத்தொடையைச் சீவியபடி
"அம்மாவும் இப்படித்தான் சிவந்திருப்பாள்,
நல்ல ஆரோக்கியம்" என்றான்.
அம்மா போனது நாற்பத்து நான்கில்,
கையிலிருந்த பால்வாளியைக் கீழே வைக்க நேரமில்லாமல்.

கிடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை,
காப்பி ஆறிக்கொண்டிருந்தபோது.
ஓர் எழுத்துப் பிழை.
முடிய வேண்டிய இடத்துக்கு முன்பே
வாக்கியத்தில் ஒரு முற்றுப்புள்ளி.
வெட்டுண்டு போன அந்த வாலில்தான் இருந்தது
சிறுநீரகத்தின் கதவை இழுத்து மூடும் கைப்பிடி.
திறந்தே கிடக்கிறது.
உப்பு உள்ளே வருகிறது,
உப்பின் பின்னால் தண்ணீர்,
தண்ணீரின் பின்னால்
அந்தப் பதிவேடு முழுக்க.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கும் குடும்பம்;
உள்ளளவுதான் கொஞ்சம் குறைவு.

மலிவான மாத்திரை ஒன்று போதும் அந்தக் கதவுக்கு.
ஆறே வாரத்தில் ஹானுஸ் நூற்று இருபத்தாறு.
முகம் வெளுத்துப் போயிற்று,
யாரோ அந்நியன் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறான்
என்று மனைவி புகார்.

அக்கா மார்யுன் வேறு கதை.
அம்மாவின் அடக்கத்துக்கு மறுநாள் உப்பை விட்டவள்.
இருபத்தைந்து வருடம்.
விருந்துக்குப் போனால் கைப்பையில் வெறும் வேகவைத்த மீன்.
பிள்ளை வேண்டாம் என்ற முடிவு.
அதைக் கேட்டு விலகிப்போன ஒருவன்.
அவளிடம் அந்தப் பிழை இல்லை.

நல்ல செய்தி சொல்ல ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.
அவள் கேட்டாள்:
"அம்மா எனக்கு எதுவுமே தரவில்லையா?"
உன்னில் பாதி அவள்தான், இது ஒன்று மட்டும்தான்
என்று ஏதோ உளறினேன்.

உணவகத்தில் சூப் வாங்கி வைத்தேன்.
உப்புக் குடுவையைத் தானே எடுத்து
கணக்கில்லாமல் தூவினாள்.
ஒரு கரண்டி.
"கரிக்கிறது" என்று தள்ளினாள்.
கோட்டு மாட்டிக்கொண்டு மழைக்குள் போனாள்.
வீணாக்குவானேன் என்று நான் குடித்து முடித்தேன்;
எனக்கு உப்பு சரியாக இருந்தது.

நேற்று ஹானுஸுக்கு மகள் பிறந்தாள்.
தொப்புள்கொடி ரத்தம் குளிர்பெட்டியில்,
மேல்தட்டு, இடது ஓரம்.
நாணயம் சுண்டினாற்போல் பாதிக்குப் பாதி.
ஞானஸ்நானம் முடியட்டும், அப்புறம் திற என்கிறார்கள்.
குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
நான் எண் வைத்துவிட்டேன்:
நாற்பத்தெட்டு.