பச்சைத் துண்டு

மூதூர் இறங்குதுறையிலிருந்து எட்டு நிமிட நடை.
மீன்வாடி, பூட்டிக் கிடக்கும் கூட்டுறவுக் கடை, அப்புறம் அந்தச் சியாரம்.
குறுக்கே பதினெட்டடி, உச்சிக்கு ஒன்பது.
செங்கல்லும் முருகைக்கல்லும் சேர்ந்து கவிழ்ந்த கிண்ணம்.
வடக்குத் தோளில் ஷெல் துளைத்த ஓட்டை.
அதனூடே முதல்நாள் கொஞ்சம் வானமும்
ஒரு வௌவாலின் அவசரமும் தெரிந்தன.

"ஒடச்சிட்டுக் கொங்கிரீட்டுல கட்டுவம் மிஸ்,
காசு இரிக்கி," என்றார் மர்சூக் ஹாஜியார்.
போனில் பொன்னிறக் குவிமாடம் ஒன்றைக் காட்டினார்.
நான் ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை.
ஏணி வேண்டும் என்றேன்.

ஓட்டை எனக்குப் பயமில்லை.
அரைக்கோளம் ஓட்டையைப் பொறுத்துக்கொள்ளும்.
கோட்டை வீதியில் படுத்திருக்கும் மானைச் சுற்றிச்
சைக்கிள்கள் போவதுபோல
பாரம் அதைச் சுற்றிக்கொண்டு இறங்கும்.

பயம் விரிசல்களுக்குத்தான்.
தோடம்பழச் சுளைக்கோடுகள் மாதிரி
அடியிலிருந்து மேலே ஒன்பது.
ஒன்றுகூட உச்சியைத் தொடவில்லை.
உச்சியிலிருந்து ஐம்பத்திரண்டு பாகைக்குக் கிட்ட
எல்லாம் நின்றிருந்தன.
கணக்கும் அங்கேதான் நிற்கச் சொல்கிறது:
அதற்கு மேலே கல் கல்லை நெருக்கும்,
கீழே கல் கல்லை விட்டு விலகப் பார்க்கும்.
பரீட்சைக்கு நான் பாடமாக்கிய சூத்திரத்தை
இது படிக்காமலே உடம்பில் வைத்திருந்தது.
கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனால் நின்றுவிட்டதா, நிற்பதாக நடிக்கிறதா?
பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒன்பது கண்ணாடித் தகடுகள் இரந்து
விரிசல்களின் குறுக்கே ஜிப்சத்தால் ஒட்டினேன்.
மயிரளவு விரிந்தாலும் கண்ணாடி சாட்சி சொல்லும்.
பிறகு ஐப்பசி. கார்த்திகை. மழை.
கிழமைக்கு ஒருதரம் படகு, ஈரச் சப்பாத்து, பென்சில் குறிப்பு.
எட்டு முழுசாக இருந்தன.
ஏழாவது, மார்கழியில், இரண்டாக.

அன்று திரும்பும் படகில்
திருகோணமலைக் குன்று மழையை விட்டு வெளியே வரவேயில்லை.

ஏழாவது விரிசலின் மேல் மட்டும் சீமெந்துப் பூச்சு.
எண்பதுகளில் யாரோ நல்ல மனசோடு பூசியது.
சுண்ணாம்பு மூச்சு விடும், சீமெந்து வாயைப் பொத்தும்.
உள்ளே கடலுப்பு பூத்துப் பூத்துப்
பூச்சைத் தள்ளியிருக்கலாம்.
குவிமாடம் அசையாமலே கண்ணாடி உடைந்திருக்கலாம்.
அறிக்கையில் எத்தனை 'கலாம்' எழுதுவது?

"கொத்திப் பாப்பமே," என்றான் ஜவ்பர்.
மற்ற நாளெல்லாம் படகுக்கு ஃபைபர் ஒட்டுகிறவன்.
லுஹருக்கும் அஸருக்கும் நடுவில்
ஒரு முழம் சீமெந்து, உப்புமாவு உதிர, கழன்றது.
"மிஸ்."
விரிசலுக்குக் குறுக்கே, சுண்ணாம்பில் பதித்து,
சோடாப் போத்தலின் பச்சைத் துண்டு.
சுண்டுவிரல் நீளம்.
உடையவில்லை.

யார்? அறுபத்திநாலு புயலுக்கு முன்னா, பின்னா?
அவரும் ஏணி கேட்டிருக்க வேண்டும்.
என்னுடைய கேள்வியையே கேட்டுவிட்டு
பதிலுக்கு இருக்காமல் போயிருக்கிறார்.
பிறகு சீமெந்து. ஷெல். சுனாமி.
பதில் இத்தனை காலமும் இருட்டுக்குள் முழுசாக இருந்திருக்கிறது.

ஹாஜியார் ஏணியில் ஏறி, செருப்போடு,
வெகுநேரம் பார்த்தார். இறங்கினார்.
"அப்ப ஒடைக்கத் தேவல்லியா?"
"இடுப்பில் ஒரு பட்டி கட்டினால் போதும்."
"பொன்னிறம்?"
"சுண்ணாம்பு வெள்ளைதான், ஹாஜியார்."
அதில் இன்னமும் எங்களுக்குள் இழுபறி.

உருக்குப் பட்டிக்குப் படகுத்துறையில் இரண்டு இழுதிருகிகள் கிடைத்தன.
ஜவ்பர் கிழக்கில் அரைச் சுற்று, நான் மேற்கில் அரைச் சுற்று,
நடுவில் காது கொடுத்துக் கேட்பது.
கல் ஒன்றும் சொல்லவில்லை. நல்லது.

படிவத்தில் 'ஆதாரம்' என்ற கட்டத்தில்
'சோடாப் போத்தல்' என்று எழுதினேன்.
கொழும்பில் சிரிப்பார்கள்.

பச்சைத் துண்டுக்குப் பக்கத்தில் புதிய தகடு ஒட்டி
ஆணியால் அதில் தேதி கீறினேன்.
அவர் கீறவில்லை.
அது ஒன்றுதான் எனக்கு அவரிடம் குறை.