ஒன்பது கோடிச் சொச்சம்

மின்கட்டணச் சீட்டின் வலது மூலையில்
எங்கள் அறைக்கு அவர்கள் வைத்த பெயர்
99799811.
ஒன்பது கோடியே தொண்ணூற்றேழு லட்சத்துத்
தொண்ணூற்றொன்பதாயிரத்து எண்ணூற்றுப் பதினொன்று.
நிதானமாகச் சொல்லி முடித்தால்
பாண்டுப்பில் ஏறியவள்
காஞ்சூர்மார்க் வந்துவிடலாம்.

ஒற்றைப்படை.
இலக்கங்களைக் கூட்டினால் ஐம்பத்து மூன்று,
ஆக, மூன்றுக்கும் மசியாது.
ஏழால் வகுத்தேன், ஆறு மீதி.
பதினொன்றில் ஒன்றே ஒன்று மீதி;
அன்று முழுக்க எரிச்சலாக இருந்தது.
பதின்மூன்றில் ஏழு.

மஸ்ஜித்தில் மிளகாய்வற்றல் மண்டிக்குக் கணக்கெழுதுகிறேன்.
அங்கே நாலணா மீந்தாலும்
ரசிக்லால் சேட் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுவார்.
இங்கே தினமும் மீதி வந்தது.
கேட்க ஆளில்லை.

எதிர் இருக்கைக்காரி பட்டாணி உரிப்பாள்.
நான்கு வருடமாக முழங்கால் இடிக்கிறது,
பெயர் தெரியாது.
எங்கள் இருவருக்கும் பொதுவான வகுத்தி ஒன்றுதான்:
எட்டு பன்னிரண்டு ஸ்லோ லோக்கல்.

ஜூலையில்
குர்லாவுக்கும் சயனுக்கும் நடுவே
தண்டவாளம் முங்கி வண்டி நின்றது.
நான் 2003-இல் நின்றேன்.
மீதி முந்நூற்று முப்பத்தாறு.
இரண்டு மணி நேரம்.
மின்விசிறி ஓயவும் யாரோ சாமியைத் திட்டினாள்.
செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல்
வர்க்கமூலத்தைத் தேடினேன்.
9990-க்கு ஒரு மயிரிழை கீழே.
சரி, 9990-ஐ அதனாலேயே பெருக்கு.
என் எண்ணைக் கழி.
இருநூற்று எண்பத்தொன்பது.

பேனா நின்றுவிட்டது.
பதினேழு பதினேழு.

பதினேழு கீழே போனால் 9973,
பதினேழு மேலே போனால் 10007.
நான்கிலக்கத்தின் கடைசிப் பகா எண்ணும்
ஐந்திலக்கத்தின் முதல் பகா எண்ணும்.
நடுவே முப்பத்து மூன்று எண்கள்,
பெரிய மனுஷனாட்டம் பத்தாயிரமும் அதில் ஒன்று;
தட்டினால் எல்லாம் உடையும்.
இவை இரண்டும் உடையாமல்
ஒன்றையொன்று பார்க்காமல்
எங்கள் மீட்டருக்குள் இருந்திருக்கின்றன.

பழைய வழியிலேயே போயிருந்தால்
இன்னும் தொள்ளாயிரத்து இருபத்து நான்கு
தோல்விகள் பாக்கி.
அவற்றை இழந்ததுபோல் இருந்தது,
ஏனென்று கேட்காதீர்கள்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை.
நோட்டைத் திருப்பி எதிரே நீட்டினேன்.
பட்டாணித் தட்டைக் கால்மாட்டில் வைத்தாள்,
விரலால் வரிவரியாகத் தடவி வந்து
பதினேழில் நிறுத்தினாள்.
“பில் குறையுமா?” என்றாள் மராத்தியில்.

குறையவில்லை.
தீபாவளிக்கு முன் புது மீட்டர் மாட்டினார்கள்,
புது எண், எட்டில் முடிகிறது.
பார்த்த மாத்திரத்தில் இரண்டாகப் பிளந்து
கையில் கிடந்தது.

பழைய சீட்டு பாஸ் உறைக்குள் இருக்கிறது.
அவள் பெயர் ஷரயு.
உரித்ததில் ஒரு பிடி
இப்போதெல்லாம் என் பக்கம் நகர்த்துகிறாள்.
எண்ணிப் பார்ப்பேன்.
நேற்று இருபத்து மூன்று.