இருபத்தேழாம் இலக்கம்

திங்கள் லுஹருக்கு ஜோயல் அனுப்பின மெசேஜ்:
'தே லெட் ஹிம் கோ.'
லெட் தெரியும். கோ தெரியும்.
ஹிம் எண்டா என்ட மனிசன் அஸ்மீர்.
தே ஆரெண்டும் தெரியும்:
ரெண்டு வருசமாப் பாஸ்போட்டப் பூட்டி வெச்சி
லீவு தராத கம்பெனி.

போக விட்டுட்டாங்க!
சாய்ந்தமருதுக் கடற்கரைத் தெருவில
எட்டு வீட்டுக்குத் தொதல் குடுத்தன்.
ஜெனூபா கேட்டா, "எப்ப வாறார் புள்ள?"
"விட்டுட்டாங்க, இனி வாறதுதானே."

செவ்வாய் பின்னேரம் கிளாஸ்.
கல்முனையில ஃபாமஸிக்கு மேல்மாடி,
ஃபேன் ஒரு பக்கம் மட்டும் திரும்புற அறை.
என்னை விட ஒன்பது வயசு குறைஞ்ச ரொஷாந்தினி மிஸ்
பலகையில நாப்பது வினை எழுதிப் போட்டா.
தனியா வந்தா நல்ல புள்ளைகளாம்,
வால் முளைச்சாத்தான் குணம் மாறுமாம்.

'புட்' எண்டா வை.
'புட் அப்' எண்டா வந்தவருக்குத் தங்க இடம் குடு.
பின்னால ஒரு 'வித்' வந்து குந்திச்செண்டா
அவரைப் பொறுத்துக்கொண்டு இரு.
எனக்குச் சிரிப்பு வந்திச்சி.
பெருநாளைக்கு வந்த மதினி
ரெண்டு மாசம் நிண்ட கதையை
இங்கிலீசுக்காரன் ஒரு வித்துக்குள்ள முடிச்சிட்டான்.

'லுக்' பாக்கிற. 'லுக் ஆஃப்டர்' பாத்துக்கொள்ளுற.
அட, நாங்களும் வால் வெச்ச ஆக்கள்தான்.
பாத்துக்கொள், பாத்துவிடு, பாத்துப் போ:
கண் ஒண்டு, வேலை வேற வேற.
ஏச்சு விழுந்தவனை
'வாங்கிக் கட்டிக்கொண்டான்' எண்டுறம்.
எந்தக் கடையில வாங்கினான், எதில கட்டினான்,
ஆரும் கேக்கிறல்ல.
வீட்டால வெளிக்கிடுறவன்
'பெய்த்து வாறன்' எண்டுதான் செல்லுறான்.
அஸ்மீரும் அப்பிடித்தான் சென்னார்,
நாலு வருசத்துக்கு முந்தி.

இருபத்தேழாம் இலக்கம்.
லெட் கோ.
மிஸ்ஸிட எழுத்து வடிவானது.
பக்கத்தில ஒரு சமன் அடையாளம், மறுகா:
வேலையால நிப்பாட்டுதல். மரியாதையாக.

மரியாதையாக.
பேனை மூடியைப் போட்டுத் திறந்தன், போட்டுத் திறந்தன்.
முன்வாங்குப் பொடியன் கேட்டான்,
"மிஸ், விடுதலை எண்டும் வருமா?"
"வரும். இடத்தைப் பொறுத்து."
இடம், தோஹா.
பொறுத்து...
அதுக்கு வித் வேணுமே மிஸ்.

வீட்டுக்கு வந்தா
ஜெனூபா தட்டைத் திருப்பி அனுப்பியிருந்தா,
வெறுந்தட்டாக் குடுக்கப்படாதெண்டு
ரெண்டு கதலிப்பழமும் வெச்சி.
எட்டு வீட்டுச் சந்தோசத்தை
எந்த வாலைப் போட்டுத் திருப்பி வாங்குற?

வெள்ளி சுபஹுக்கு முன்ன
கொழும்பு பஸ் பள்ளிச் சந்தியில நிண்டிச்சி.
ஒரு பேக். அதுவும் பாதிதான்.
"வந்துட்டன்" எண்டார்.
"என்ன சென்னாங்க?"
"விட்டுட்டாங்க."
எந்த விட்டுட்டாங்க எண்டு நான் கேக்கல்ல.
பேக்கை வாங்கிக்கொண்டு முன்னுக்கு நடந்தன்.

வீட்டுப்பாடம்: நாப்பதுக்கும் ஒவ்வொரு வசனம்.
முப்பத்தொம்பது எழுதி முடிச்சன்.
உள்ள அவர் படுத்திருக்கார்,
சப்பாத்தைக் கூடக் கழட்டாம.
மிச்சமிருந்த ஒண்டுக்கு
ஃபோனைத் திறந்து வெச்சி
ஜோயல்ட மெசேஜைப் பாத்தெழுதினன்.
எழுத்துப் பிழை ஒண்டும் இல்ல.
மிஸ் சரி போடுவா.