நாற்பது ஃப்ராங்க் முகம்

அந்தனனரிவோ தலைமைத் தபால் நிலையம்,
மூன்றாம் ஜன்னல்.
வருகிற உறைகளில் பாதிக்கு மேல்
என் அப்பாவின் முகம் ஒட்டியிருக்கும்.
நாற்பது ஃப்ராங்க், பச்சை மை,
இடது காதோரம் அச்சுக்காரன் விட்ட பிசிறு.
ரப்பர் கட்டையை மையில் ஒற்றி
நெற்றியில் குத்த வேண்டும்.
தேதி தெளிவாக விழ வேண்டும்.
அதற்குத்தான் சம்பளம்.

தலைவர் மகள் என்று
பள்ளியிலேயே என்மேல் முத்திரை குத்திவிட்டார்கள்.
இருபத்திரண்டு வருடமாகத் திருப்பிக் குத்துகிறேன்
என்பேன்.
பக்கத்து ஜன்னலில் மணியார்டர் எண்ணும் ஸூலி
ஒவ்வொரு முறையும் சிரிப்பாள்,
எண்ணிக்கை தவறிவிடும்.

தேசத்தின் தந்தைக்கு
தேசம் மூத்த பிள்ளை.
நான் அதற்குப் பின்னால் பிறந்தவள்.
தீவுச் சிறையிலிருந்து அவர் திரும்பிய அன்று
ரயிலடியில் என் உயரத்துக்கு
இடுப்புகள் மட்டும்தான் தெரிந்தன.
இதில் எது அப்பா என்று
அம்மாவைக் கேட்டேன்.
அவளும் தேடிக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் செய்தித்தாளில்
அவர் தோள்மேல் ஒரு சிறுமி,
கையில் கொடி, வாய் அகலத் திறந்திருந்தது.
நான் இல்லை.
நான்தான் என்று வகுப்பில் சொல்லிவைத்தேன்.
அப்படியே இருக்கட்டும் என்று
அம்மாவும் அந்தப் படத்தைச் சட்டம் போட்டாள்.

நாட்டுக்கே முகம் கொடுத்தவர்
வீட்டில் யாருக்கும்
முகம் கொடுத்துப் பேசியதில்லை.
குறையாகச் சொல்லவில்லை.
கூட்டம் கலைந்து வரும்போது விடிந்திருக்கும்,
எங்களுக்குப் பள்ளி இருக்கும்.

போன ஈஸ்டருக்கு முன்
ஒருத்தி என் ஜன்னலில் பத்துத் தலை வாங்கினாள்.
பருத்த உடம்பு, கூடையில் வெனிலா நெற்றுகள்.
சில்லறையை எண்ணாமல் நின்றாள்.
"அந்தப் படத்தில் இருப்பது நான்" என்றாள்.
"சிரிக்கிறேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.
தோளெலும்பு குத்தியது அம்மா,
சிறையில் அவ்வளவு வற்றிப்போயிருந்தார்.
இறக்கிவிடச் சொல்லி அழுதேன்."
மீதி எட்டு ஃப்ராங்கை அவளிடம் கொடுக்க
எனக்கு வெகுநேரம் பிடித்தது.

எங்கள் மேட்டு நிலத்தில்
போனவர்களைச் சில வருடங்களுக்கொருமுறை
கல்லறை திறந்து வெளியே எடுத்து
புதுப் பட்டு சுற்றுவோம். குளிருமே அவர்களுக்கு.
அப்பா இருப்பது தேசிய நினைவிடம்,
சாவி அமைச்சகத்தில்.
மனு எழுதினேன்.
உறையில் அவரையே ஒட்டி
நானே நெற்றியில் குத்தி அனுப்பினேன்.
நான்கு வருடத்தில் பதினேழு மனு.
கடைசியில் ஓர் ஆகஸ்ட் சனிக்கிழமை கொடுத்தார்கள்,
மாலை ஐந்து வரை.
ரமனான் என்கிற எழுத்தர் ரசீது நீட்டினார்:
பெற்றுக்கொண்டது, ஒன்று.
கையெழுத்திட்டேன்.

கிளாரினெட்காரர்கள் வந்தார்கள்.
ரம் வந்தது, பன்றிக் கொழுப்பு மிதக்கும் சோறு வந்தது,
கூப்பிடாத மந்திரி ஒருவரும் வந்தார்.
பாயில் கிடத்தி, பழைய துணிமேல் புதுப் பட்டைச் சுற்றி
ஏழு முடிச்சுப் போட்டோம்.
செய்தி சொல்வது வழக்கம் என்பதால்
குனிந்து சொன்னேன்:
அம்மாவுக்கு இப்போது ஒரு காதுதான் கேட்கிறது.
அரிசி விலை ஏறிவிட்டது.
ஜனவரியிலிருந்து உங்கள் விலையும் ஐம்பது.

பிறகு தூக்கினோம்.
தம்பிகள் கால்பக்கம், நான் தலைப்பக்கம்.
பட்டுக்குள்ளிருந்து ஏதோ ஒரு எலும்பு
என் தோளில் குத்தியது.
எதுவென்று பார்க்கவில்லை.
கிளாரினெட் உச்சத்துக்குப் போயிற்று,
எல்லோரும் ஆடினார்கள்,
மந்திரியின் காலணி சேற்றில் சிக்கியது,
செம்மண் புழுதி கண்ணை மறைத்தது,
அது குத்திக்கொண்டே இருந்தது.

கல்லறையைச் சுற்றி ஏழு முறை.
காவலர் வாசலில் நின்று
கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.
இன்னும் ஒரு சுற்று என்றேன்.