சாட்சியின் சட்டை

நான் தண்ணீர் மீட்டர் படிப்பவன்.
எண்ணைப் பார்த்து, எழுதி,
அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறவன்.
அதனால்தான் கூப்பிட்டார்கள் போலும்.

கொவில்யா தீயணைப்பு நிலையம்.
வண்டிகளை வெளியே மழையில் நிறுத்திவிட்டுக்
கூடத்தின் நடுவே ஒரு பலகை,
ஒரு இஸ்திரிப்பெட்டி,
டியோலிந்தா.

விதிகளைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.
மணிக்கு ஐந்து நிமிடம் ஓய்வு.
ஒருமுறை தேய்த்த துணியை மறுபடி தேய்க்கக் கூடாது.
எந்நேரமும் இரண்டு சாட்சிகள், திறந்த கண்ணோடு.
தாண்ட வேண்டியது
யாரோ ஒரு பெல்ஜியத்துக்காரரின்
எண்பத்தொரு மணி நேரத்தை.

எதற்கு இதெல்லாம் என்று கேட்டாள்
உள்ளூர் வானொலிப் பெண்.
"ஓட்டல் சலவையில் பத்தொன்பது வருஷம்.
ஒருத்தரும் எண்ணவில்லை.
இதையாவது எண்ணட்டுமே."
பிறகு கொஞ்சம் யோசித்து,
"நாலு நாளைக்கு வீட்டில் யாரும்
சட்டை தேய்த்துத் தா என்று கேட்கவும் மாட்டார்கள்."
கணவர் ஒராசியு சிரித்தார்.
அவர் சட்டை கசங்கித்தான் இருந்தது.

முதல் நாள் மூட்டை மூட்டையாய் வந்தது ஊர்.
பாதிரியாரின் அங்கி.
கால்பந்துக் குழுவின் பதினொரு பனியன்.
ஞானஸ்நான உடுப்பு ஒன்று,
உள்ளங்கையைவிடச் சற்றே பெரிது.
எவனோ காலுறை கொடுத்திருந்தான்.
அதையும் தேய்த்தாள்.

முப்பதாவது மணியில் பாடினாள்.
நாற்பத்தாறில் பெட்டியோடு சண்டை.
ஐம்பத்தெட்டில்
ஒரு மேசைவிரிப்பின் ஒயின் கறையில் கையை நிறுத்தி
"எவ்வளவு சந்தோஷமாய்க் கொட்டியிருக்கிறார்கள்!" என்றாள்.
நான் எழுதினேன்: மேசைவிரிப்பு, ஒன்று.
கறைக்கென்று கட்டம் இல்லை குறிப்பேட்டில்.

எழுபத்தொன்பதாவது மணி.
விடியற்காலை மூன்று.
துணி தீர்ந்துபோனது.
மூன்று நாள் மழையில் ஊர்க்கொடிகள் எல்லாம் ஈரம்.
கூடையைத் துழாவிய கைக்குக் கூடைதான் கிடைத்தது.
பெட்டி புஸ்ஸென்று மூச்சு விட்டது.
அரை நிமிடம் சும்மா நின்றால் கதை முடிந்தது.

தீயணைப்புக்காரன் ஒருவன் முதலில் கழற்றினான்.
அடுத்து வானொலிப் பெண்ணின் கழுத்துத்துணி.
ஒராசியுவின் சட்டையை
அவரை முறைத்துக்கொண்டே தேய்த்தாள்.
பிறகு ஒரு வரிசை,
பனியனோடு, புல்லரித்த தோளோடு,
ஊசி போட்டுக்கொள்ள நிற்பவர்களைப் போல.

எண்பது மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.
மறுபடி வெறும் பலகை.
சக சாட்சி, மருந்துக்கடை கிராசா,
ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தாள்.
நான் பொத்தான்களை அவிழ்த்தேன்.

காலர், தோள்பட்டை, இடக்கை, வலக்கை.
ஒரு சாதாரண நீலச் சட்டையை
ஒன்பது நிமிடம் தேய்க்க முடியும் என்று
அன்றைக்குத்தான் கண்டேன்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம்:
சாட்சி பங்கேற்றதால் ஏற்பதற்கில்லை.

அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று
ஊர் என்னையே கேட்டது.
நான்தான் எழுதியிருந்தேன்:
சட்டை, நீலம், ஒன்று. உடையவர்: சாட்சி.
"அதை எழுதாமல் விட்டால் என்ன?" என்றாள் கிராசா.
விடலாம்தான்.
கை கேட்கவில்லை.

ஓட்டலின் பின்வாசலில் நின்றபடி
டியோலிந்தா படித்தாள்.
இரண்டாய் மடித்தாள், நான்காய் மடித்தாள்,
மடிப்பின்மேல் நகத்தை ஓட்டினாள்.
"அந்தப் பெல்ஜியத்துக்காரருக்கு
யாராவது காலுறை கொடுத்திருப்பார்களா?"
என்றாள்.
உள்ளே போகும்போது திரும்பி,
"உன் பையில் ஏதோ காகிதம் இருந்தது.
எடுக்காமல் தேய்த்துவிட்டேன். மன்னித்துக்கொள்."

கலைக்க மனமின்றி
ஆணியில் தொங்கவிட்டிருந்த சட்டை.
அன்றிரவு பைக்குள் விரலை விட்டேன்.
மீட்டர் ரசீது.
சூடு பட்டால் கறுக்கும் தாள்,
முழுக்கக் கறுத்திருந்தது.
விளக்கருகே பிடித்தேன்.
சாய்த்துப் பார்த்தேன்.

எந்த வீடு, எத்தனை லிட்டர்,
ஒன்றும் படிக்க முடியவில்லை.
இந்த ஊரில் யாரோ ஒருவருக்கு
அந்த மாதம்
தண்ணீர் இலவசம்.